மைக்கில் சொன்ன சாட்சி

கீமோ தொடங்கியதிலிருந்து சில்வியாவுக்குத் தண்ணீர்கூட இரும்பைப்போல் ருசித்தது. வாயெல்லாம் புண். கணவர் ஜெபசிங் காலையில் எழுந்ததும் நொய்க்கஞ்சி வைப்பார். பாதி நாள் அடிபிடித்துவிடும். அடிபிடித்த வாடைக்கே அவளுக்குக் குமட்டும், ஆனாலும் சொல்லமாட்டாள். இரண்டு கரண்டி விழுங்கிவிட்டு, "போதும்ங்க, பிறகு குடிக்கேன்" என்று டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுவாள்.

ஜெபசிங்கைத் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் சங்கம் ஒன்று எண்ணூருக்கு ஊழியம் செய்ய அனுப்பியிருந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வந்த இடமே ஊராகிவிட்டது. கீழே வீட்டின் முன்புறத்தில் ஷீட் போட்ட ஜெப ஹால், மாடியில் வீடு. ஒரே மகள் ஜூடி இங்கேயே பிறந்து வளர்ந்து, இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை பார்க்கிறாள். துறைமுக லாரிகள் கிளப்பும் கரித்தூள் நாளெல்லாம் மாடிக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, திரும்பி வந்து ஒருமுறை, அம்மாவின் கட்டிலைச் சுற்றி அவள் ஈரத்துணியால் துடைப்பாள். துடைத்த துணியைப் பிழிந்தால் தண்ணீர் கறுப்பாக ஓடும்.

சில்வியாவுக்கு மார்பில் புற்றுநோய். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அப்புறம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் ஆட்கள் கிட்ட வரக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஆனால் ஊழியக்காரர் வீட்டில் கதவை எப்படிச் சாத்துவது? சபை ஆட்கள் வந்தார்கள். மீஞ்சூரிலிருந்து, வியாசர்பாடியிலிருந்து வேறு சபைப் பாஸ்டர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். சிலர் சத்தமாக, வெகுநேரம் ஜெபித்தார்கள். அந்தக் கைகளின் பாரத்தைத் தாங்க அவள் கழுத்துக்குத் தெம்பில்லை. ஆமேன் சொல்லும்போதே கண் செருகும்.

"அப்பா, கொஞ்ச நாளைக்கி யாரையும் மேல அனுப்பாதீங்க. அம்மாவால முடியல" என்று ஜூடி சொன்னாள்.

"ஜெபிக்க வாறவங்கள எப்படிம்மா வேண்டாங்கது?" என்றார் ஜெபசிங். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. விடிகாலை ஜெபம், துணி துவைப்பது, சமையல், பகலில் சபை ஆட்களின் வீடு சந்திப்பு என்று அவரும் ஓய்ந்திருந்தார். பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தால் பைபிள்மேலேயே தலை சாய்ந்துவிடும்.

பாதி கீமோ முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது ரயிலில் ஜெபசிங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அடுத்த ஞாயிறு சில்வியா மாடியில் படுத்திருந்தாள். கீழே நடக்கும் ஆராதனை ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்கும். பாட்டு முடிந்தது. கணவரின் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"வைத்தியரால முடியாதத ஆண்டவர் செஞ்சிட்டாரு! என் மனைவிய அவர் சுகமாக்கிட்டாரு! ஜெபம் ஜெயிச்சிட்டு!"

அல்லேலூயா சத்தத்தில் ஷீட் அதிர்ந்தது. அவர் பொய் சொல்லும் மனுஷர் இல்லை என்பது சில்வியாவுக்குத் தெரியும். அப்படி ஆகியிருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதை அப்படியே சொல்லிவிட்டார். மேலே வந்ததும் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். அவர் வருவதற்குள் தூங்கிப்போனாள். பிறகு கேட்கத் தெம்பும் இல்லை, மனமும் இல்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் சிலுவையம்மாள் வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர் மார்க்கெட்டில் விற்பவள். புருஷன் போனபிறகு இந்த ஜெப ஹாலுக்கு வர ஆரம்பித்தவள். தூக்குச் சட்டியில் காரம் போடாத வவ்வால் மீன் ரசம் கொண்டுவந்திருந்தாள். மற்றவர்களைப் போல் தலையில் கை வைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சில்வியாவின் காலைப் பிடித்துவிட்டாள்.

"இன்னா பாஸ்டரம்மா, இப்டி எளச்சிட்ட? அதான் எல்லாம் சொஸ்தமாயிட்ச்சே, இன்னும் இன்னாத்துக்குப் படுத்துகினு கீற?"

சில்வியா சிரிக்கப் பார்த்தாள்.

"எனுக்கும் மார்ல ஒரு கட்டி கீதும்மா" என்று சிலுவையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரில காட்னேன். சதைய எட்த்து டெஸ்ட்டு பண்ணணும், வான்னாங்கோ. போலாம்னுதான் இருந்தேன். அப்பறம் பாஸ்டரு மைக்ல சொன்னார்ல, டாக்டரால ஆவாதத ஆண்டவரு பண்ணாருன்னு. அதோட வுட்டுட்டேன். உனுக்குச் செஞ்சவரு எனுக்குச் செய்ய மாட்டாரா?"

காலைப் பிடித்துவிட்டதில் சில்வியாவுக்கு வந்திருந்த தூக்கம் கலைந்துவிட்டது.

"சிலுவையக்கா, என்னைப் பாருங்க" என்று தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். "எனக்கு இன்னும் சுகமாகல. கட்டி சுருங்கியிருக்கு, அவ்வளவுதான். அதுவும் அந்த மருந்துல. இன்னும் கீமோ இருக்கு, ஆபரேஷன் இருக்கு."

"அப்போ ஜெபம்?"

"ஜெபமும் பண்ணுதேன். மருந்தும் ஏத்திக்கிடுதேன்."

சிலுவையம்மாள் காலைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். "பாஸ்டரு சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, ஒரு குழந்தை கேட்பதுபோல் கேட்டாள். சில்வியா அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த கீமோவுக்கு நான் போகும்போது நீங்களும் என்கூட வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் ஜெபசிங் வீடு திரும்பியதும் அவரை உட்காரச் சொன்னாள். ஜூடியும் யார்டிலிருந்து வந்து சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சில்வியா சொன்னாள். கேட்கக் கேட்க ஜெபசிங்கின் முகம் சுருங்கியது.

"நான் ஆண்டவருக்கு மகிமை செலுத்தத்தான் சொன்னேன், சில்வியா."

"தெரியும்ங்க. ஆனா அந்த அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டாங்க."

"விசுவாசத்துல சொன்னதத் திருப்பி எப்படிச் சொல்ல? சபை என்ன நினைக்கும்?"

ஜூடி உள்ளேயிருந்து வந்தாள். "சபை இன்னா நெனச்சா இன்னாப்பா? அவங்க செத்துப்போனா யாரு பதில் சொல்றது?"

அந்தப் பேச்சு ஜெபசிங்கை அடித்ததுபோல் இருந்தது. மகளைத் திட்ட வாயெடுத்தவர், எழுந்து கீழே இறங்கிப்போனார். ஹாலில் விளக்குப் போடாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

கீமோ நாளன்று சில்வியா, சிலுவையம்மாள், ஜெபசிங் மூன்று பேரும் எண்ணூரில் ரயில் ஏறினார்கள். ஜெபசிங் இரண்டு பெண்களுக்கும் இடம் பிடித்துக்கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றார். சில்வியாவுக்குக் கையில் மருந்து ஏறும்போது, சிலுவையம்மாள் வேறொரு கட்டடத்தில் பரிசோதனைக்குப் படுத்திருந்தாள். ஜெபசிங் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். சிலுவையம்மாள் வெளியே வந்ததும், "வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

"வலிக்காம? நல்லா குத்திட்டான்" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடு பாஸ்டரு, நீ இன்னா பண்ணுவ" என்றாள்.

சில நாளில் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கும் புற்றுநோய்தான். உடனே சிகிச்சையை ஆரம்பிக்கவேண்டும் என்றார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு ஜெபசிங் பிரசங்கம் செய்யவில்லை. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "நான் அன்னைக்கு அவசரப்பட்டுச் சாட்சி சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தார். மனைவிக்கு இன்னும் சுகமாகவில்லை, கீமோவினால் கட்டி சுருங்கியிருக்கிறது, மருந்தையும் ஆண்டவர்தான் கொடுத்தார், என் பேச்சைக் கேட்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் நாளைக்கே போங்கள் என்று சொன்னார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. மாடியில் சில்வியா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அடுத்தடுத்த வாரங்களில் சில குடும்பங்கள் வரவில்லை. கல்மண்டபத்துப் பக்கம் அற்புதங்கள் நடக்கிற சபை ஒன்று இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். மாடிக்கு வரும் கூட்டமும் குறைந்தது. ஜெபசிங்குக்கு அது வருத்தம்தான். ஆனால் மத்தியானங்களில் சில்வியா தடையில்லாமல் தூங்கினாள். அவள் பக்கத்தில் தரையில் பாய் விரித்து அவரும் தூங்கினார்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெண்களும் சேர்ந்தே போனார்கள். ஒருநாள் ஜூடியும், ஒருநாள் ஜெபசிங்கும் துணைக்குப் போவார்கள். ஜூடி துணைக்குப் போன ஒருநாள், ஜெபசிங்கின் அடிபிடித்த கஞ்சியைப் பற்றிச் சில்வியா சிலுவையம்மாளிடம் சொல்லிவிட்டாள். சிலுவையம்மாளின் முடியும் கொட்டிவிட்டது. மீன் வாசனையே ஆகவில்லை என்று கூடையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள்.

சில்வியாவுக்குக் கடைசி கீமோ முடிந்து திரும்பிய அன்று ரயிலில் கூட்டமில்லை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். கொருக்குப்பேட்டை தாண்டியதும் சிலுவையம்மாள், "பாஸ்டரம்மா, ஒரு ஜெபம் பண்ணேன்" என்றாள்.

சில்வியா கண்ணை மூடிப் பார்த்தாள். வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. இத்தனை வருஷத்தில் யார் கேட்டும் அவள் மறுத்ததில்லை.

"இன்னைக்கு முடியலக்கா. நீங்க பண்ணுங்க."

"நானா? எனுக்கு இன்னா தெரியும்?" என்ற சிலுவையம்மாள், கொஞ்சம் யோசித்துவிட்டு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, ரெண்டு பேரும் ரொம்பப் பேஜாராயிட்டோம். வூடு போய்ச் சேரணும். இந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் நல்லா முடியட்டும். பாஸ்டருக்கு அடிபிடிக்காம கஞ்சி வெக்கவாவது சொல்லிக் குடு. ஆமேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க சில்வியா கண்ணைத் திறக்கவில்லை. சிலுவையம்மாளின் தோளில் தலையைச் சாய்த்து, "ஆமேன்" என்றாள். எண்ணூர் வந்ததும் ஜெபசிங்தான் இரண்டு பேரையும் எழுப்பினார்.