செல்விக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

மேஜைக்கு அடியில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த சிபியூவை இழுத்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு கரப்பான். அதன் பின்னால் அதன் குடும்பம். தரையில் சதுரமாக ஒரு கறை. கறைக்குள் பல்லி முட்டை ஓடு, யாரோ தின்றுவிட்டுப் போட்ட வடாபாவின் காய்ந்த மிளகாய், சுருண்ட தலைமுடி. முப்பத்திரண்டு மேஜை, முப்பத்திரண்டு கறை. இந்தக் கருமத்தின் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்குக் குமட்டியது. ஒவ்வொரு சிபியூவின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதை வைக்கிறவன் நான்தான். மேலே பொட்டு, கீழே கரப்பான். நம் லட்சணம் இதுதானே.

என் பெயர் ஜம்பு. ஜாகை மாட்டுங்கா. செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசில் அட்மின் ஆபீசர். ரிடையர் ஆக ஏழு மாதம் பாக்கி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்டு வரும் காகிதங்களைப் பார்த்து 'கொடு', 'கொடுக்காதே' என்று எழுதி அனுப்புவது எங்கள் ஆபீசின் வேலை. இனி அந்த வேலைக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் தேவையில்லை என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. மானிட்டரின் முதுகில் சோப்புப் பெட்டி மாதிரி ஒன்றை ஒட்டினார்கள். அதற்குள் ஒன்றும் கிடையாது. நிஜக் கம்ப்யூட்டர் ஐரோலிப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில் இருக்குமாம். அங்கிருந்து படம் மட்டும் நம் திரைக்கு வருமாம்.

"உங்களுக்குன்னு ஒரு மெஷின் கெடையாது அங்கிள். லாக் ஆஃப் பண்ணினா எல்லாம் க்ளீன். தினம் கார்த்தால புதுசா பொறக்கும்" என்றான் அஷ்வத். எங்கள் மேனேஜர். எங்கள் தெருவில் மூக்கொழுகத் திரிந்தவன்தான். இப்போது எனக்கு இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுக்கலாமா என்று எழுத வேண்டியவனும் அவன்தான். அவன் சொன்னதன் சாரம் இது: திரையில் எதைப் போட்டு வைத்தாலும் அன்றோடு அழிந்துபோகும். வேண்டியதை எச் டிரைவ் என்ற பொது இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மெஷினில் இருப்பதையும் மூன்று நாளைக்குள் அவரவர் அங்கே ஏற்றிவிட்டு, 'ஏற்றியாயிற்று' என்று லிஸ்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த லிஸ்டை என் கையில் கொடுத்தார்கள்.

அந்த மூன்று நாளும் இசக்கிசெல்வி லீவு. தாராவியில் அவர்கள் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. கிளெய்ம் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். இரண்டாம் நாள் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். பின்னால் மேளம் காதைக் கிழித்தது. தன் மெஷினில் செல்வி என்று ஒரு போல்டர் இருக்கிறது, அதை மறக்காமல் ஏற்றிவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். ஆச்சும்மா, நீ நிம்மதியா சாமியப் பாரு என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் மெஷினில் உட்கார்ந்து ஏற்றத்தான் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றினால் லைன் என்ன செய்யும்? இன்னும் நாலு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. குர்லா போய் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி நான் வீடு போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்தில் லோக்கல் ரயில் நின்றுபோனால், ஆபீஸ் வந்து சேர்ந்தவன் சேராதவனுக்கும் சேர்த்து மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்துப் போடுவது எங்கள் பழக்கம். கட்டைவிரல் மெஷின் வருகிற வரைக்கும் பதினாலு பேர் கையெழுத்து என் கையில் இருந்தது. அதை நாங்கள் தர்மம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். 'இசக்கிசெல்வி' என்று, அவள் போடுகிற மாதிரியே கடைசியில் ஒரு சுழி சுழித்துப் போட்டேன். ஐந்தே முக்கால் வண்டியைப் பிடித்தேன். மறுநாள் சாயங்காலம் லாரி வந்து முப்பத்திரண்டையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

அந்தப் போல்டரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கோவண்டியில் இருக்கும் ருக்சானா என்ற பெண்ணின் டயாலிசிஸ் காகிதம் செல்வியிடம் வந்திருந்தது. எல்லாம் சரியாக இருந்த காகிதம். அதை இந்த மாசம் தொடாதே, அடுத்த மாசக் கணக்கில் பார்க்கலாம் என்று அஷ்வத் ஆபீஸ் சாட்டில் அவளுக்கு எழுதினான். ஒரு மாதத்துக்கு மேல் அந்த சாட் தங்காது. போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் செல்வி அந்தச் செய்தியைத் திரையோடு படமெடுத்துத் தன் மெஷினில் வைத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தக் கண்ணால் படித்தேன்.

ருக்சானாவுக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் தவறியது. மூச்சுத் திணறி முனிசிபல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவள் புருஷன் எழுதிய புகார் மேலிடம் வரை போயிற்று. காகிதத்தை யார் கிடப்பில் போட்டது என்று எங்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்கள். செல்வியின் அஜாக்கிரதை என்று அஷ்வத் எழுதிக் கொடுத்தான். என்னிடம் ஆதாரம் இருந்தது என்றாள் செல்வி. இருந்தால் ஏற்றியிருப்பாயே, ஏற்றியாயிற்று என்று உன் கையெழுத்தே இருக்கிறதே, எச் டிரைவில் ஏன் இல்லை என்று கேட்டார்கள். லிஸ்ட் மேஜைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஸ்டேப்ளரைத் தேடினேன். தூ.

அவள் அண்ணன் சுடலைக்கண்ணனுக்குத் தாராவி பதிமூணாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் உடைக்கிற வேலை. செம்பூரிலிருந்து ஒரு லோடு பக்கத்து கோடவுனுக்கு வந்திருக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போனேன். உருக்கிய பிளாஸ்டிக் நாற்றம் தொண்டையில் ஒட்டியது. பக்கத்துச் சாக்கடை கறுப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் மெஷினில் பொட்டு இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும் என்று செல்வி சொல்லிக்கொண்டே முன்னால் போனாள். உள்ளே குவியலாகக் கிடந்தன. முப்பத்திரண்டு நெற்றி, முப்பத்திரண்டு பொட்டு, எல்லாம் ஒரே கை வைத்தது. அதுவும் பிரயோஜனமில்லை. சுடலைக்கண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடம் எல்லாவற்றிலும் காலி. அதையெல்லாம் ஓட்டை போட்டு நொறுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுப்பார்களாம்.

செல்வி ஒரு மெஷினின் பொட்டைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு ஏத்துனியளா, இல்லியா? அதை மட்டும் சொல்லுங்க சார்."

இல்லை என்றேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன் என்றேன். சுடலைக்கண்ணன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் எனக்கு உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"திட்டுததுக்கு ஒண்ணுமில்ல. சாமி பாக்கப் போன எனக்காகத்தான் போட்டிய" என்றாள் செல்வி. "செவ்வாக்கெழம பதினோரு மணிக்கு என்னை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காவ. அதுக்கு முன்ன, கையெழுத்து உங்களது, அந்தச் சாட்டை உங்க கண்ணால பாத்திய, இந்த ரெண்டையும் எழுதிக் குடுத்துருங்க. எனக்கு வேற ஆள் கெடையாது சார்."

எழுதறேன்மா என்றேன். சத்தியமாக எழுதவும் செய்தேன். திங்கட்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்தேன். ஒளிக்காமல், மழுப்பாமல். அடித்து முடித்தபோது அஷ்வத் வந்து தோளில் கை வைத்தான். அவசரமாகக் கடிதத்தைச் சுருக்கிக் கீழே இறக்கினேன். "உங்க எக்ஸ்டென்ஷன் பேப்பர் போயிடுத்து அங்கிள், ஒண்ணும் கவலைப்படாதீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு வெகு நேரம் அந்தக் கடிதத்தைத் திறக்காமல் வேறு வேலை பார்த்தேன். கிளம்பும்போது சேமித்தேன். எங்கே என்று திரை கேட்டது. எச் டிரைவ் என்று ஒரு வழி, டெஸ்க்டாப் என்று ஒரு வழி. பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டு டெஸ்க்டாப்பில் வைத்தேன். முப்பத்திரண்டு பேருக்கும் அதைப் பாடம் எடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?

இன்று செவ்வாய். மணி பத்து ஐம்பத்தைந்து. காலையில் திரையைத் திறந்தேன். பச்சை மலை, நீல வானம், ஒரு தூசு இல்லை. கடிதம் இல்லை. வயிற்றுக்குள் ஏதோ லேசாக இறங்கிற்று. அது நிம்மதி என்று புரிந்தபோது, அன்று கரப்பானைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அஷ்வத் அறை வாசலில், செல்வி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் கோவில் குங்குமம். கொடுத்தாயிற்றா என்று புருவத்தை உயர்த்திக் கேட்கிறாள்.

நான் தலையை ஆட்டுகிறேன். கொடைக்குப் போனவளிடம் போனில் 'ஆச்சும்மா' என்றபோது ஆட்டிய அதே தலை. அவள் முகம் தெளிகிறது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்காருகிறாள். மேஜைமேல் பிரிண்டருக்கு வந்த வெள்ளைத்தாள் கட்டு, பிரித்தபடி கிடக்கிறது. சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக, அந்தப் பேனா இருக்கிறது.