கிளச் இல்லாத வண்டி

பாடையை டிரெய்லரில் ஏற்றிக் கட்டியதும் கங்காதரன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தான். பெரிய டிராக்டர் ஓட்டுகிறவன் என்று நந்தகோபால்தான் அவனைப் பிடித்து வந்திருந்தான். செத்துப்போன அண்ணன் கிருஷ்ணராஜுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நந்தகோபால். நெருப்புச் சட்டியோடு முன்னால் நின்றான். மழையில் பாலாற்று வழி சகதியாகிவிட்டது, தோளில் தூக்கிப் போக முடியாது என்று தோல் பதனிடும் ஷாப் முதலாளி ரஷீத் அஹமது தன் சின்ன டிராக்டரை அனுப்பியிருந்தார்.

அதில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தனகோடிக்குப் பொறுக்கவில்லை. அவள் புருஷன் கிருஷ்ணராஜுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிப்போனது. கிளச் மிதிக்கக் கால் இல்லாதவனுக்கு டிரைவர் வேலை கேட்கிறதா என்று சிரிக்காத ஆள் ஊரில் கிடையாது. ரஷீத் பாய் வெளிநாட்டிலிருந்து இந்த வண்டியை இறக்கிய பிறகுதான் சிரிப்பு நின்றது. இதில் கிளச்சே இல்லை. வலது காலுக்கு ஒரே பெடல். முன்னங்காலால் அழுத்தினால் முன்னே போகும், குதிகாலால் அழுத்தினால் பின்னே வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். அவன் காமாலையில் படுத்த பிறகு, வேலை கைவிட்டுப் போகக்கூடாதென்று தனகோடிதான் இதில் தோல் ஊறவைக்கும் பட்டை மூட்டைகளை இழுத்தாள். பாய் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

வண்டி நகர்ந்தது. தெருமுனையில் நிறுத்த நினைத்த கங்காதரன் பழக்கதோஷத்தில் இடது காலால் கிளச்சைத் தேடினான். வலது காலை எடுக்கத் தோன்றவில்லை. பதறி இன்னும் அழுத்தினான். டிராக்டர் எகிறிப் போய்ச் சாக்கடைச் சுவரில் முட்டியது. பாடை சரிந்து மாலை அறுந்தது. யாரோ சிரிப்பை அடக்குவது அவளுக்குக் கேட்டது. செத்த பிறகுமா விடமாட்டார்கள்?

அழுகை அப்புறம் வரட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், கங்காதரனை இறங்கச் சொன்னாள். அவன் விட்டால் போதுமென்று இறங்கினான். நந்தகோபால் குறுக்கே வந்தான்.

"இன்னா அண்ணி இது? பொம்பளைங்க இந்த முனையோட திரும்பிடணும். சுடுகாட்டுக்கு வர்ற வழக்கம் கெடயாது."

"கெடயாதுதான். உனக்கு ஓட்டத் தெரிஞ்சா ஏறி ஓட்டு. நான் திரும்பிப் போய்ட்றேன்."

அவன் குனிந்து பெடலைப் பார்த்தான். ஊர்ப் பெரியவர் சாமிநாதன், இப்படியென்றால் காரியத்துக்கு ஒருத்தரும் வரமாட்டோம் என்றார். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சரிந்த பாடையை நேராக்கிக் கட்டி அவள் ஏறினாள்.

பள்ளம் வந்த இடமெல்லாம் காலைத் தளர்த்தி, புருஷன் உடம்பு குலுங்காமல் ஓட்டினாள். ஆண்கள் தள்ளித் தள்ளி நடந்தார்கள். ஆனாலும் கூடவே நடந்தார்கள், சாமிநாதன் உட்பட.

ஆற்றங்கரையில் விறகு அடுக்கியிருந்தது. தலைமாடு தெற்கே வர வேண்டுமானால் டிரெய்லரைத் திருப்பிப் பின்னால்தான் விட வேண்டும். அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி குதிகாலை அழுத்தினாள். நந்தகோபால் சட்டியோடு ஒதுங்கி நின்றான். பிறகு சக்கரத்தின் வழியில் கிடந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு, மறு கையை நீட்டி ஆட்டினான்.

"வாங்க அண்ணி... வரலாம்... இன்னும் கொஞ்சம்..."

விறகுக்கு ஒரு முழம் தள்ளி டிரெய்லர் நின்றது.