பதினாலாம் நம்பர் ரூம் எங்கே?

நான் நல்ல பொண்ணு. இதை நான் சொல்லல, பள்ளிக்கூடத்துல குடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் சொல்லுது. 'நடத்தை: மிக நன்று'ன்னு பச்சை மையில எழுதி தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அந்தக் காகிதத்தை மடியில வெச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு அந்தக் காரியத்தைப் பண்ணினேன்.

பல்கலைக்கழகத்துல கட்டடக்கலைப் படிப்புக்கு மொத்தம் நாப்பது சீட். நான் காத்திருப்புப் பட்டியல்ல ஒண்ணாம் நம்பர். நாப்பது பேர்ல எவனாவது ஒருத்தன் வராம போனா எனக்கு சீட். எல்லாரும் வந்துட்டா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என்ன ஒரு ஏற்பாடு பாருங்க! முகமே தெரியாத ஒருத்தன் பஸ்ஸைத் தவற விடணும்னு காலையிலேர்ந்து சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

உக்காந்திருந்தது பதினாலாம் நம்பர் ரூம் வாசல் பெஞ்சுல. தலைக்கு மேலேயே '14'ன்னு போர்டு. பக்கத்துல காத்திருப்புப் பட்டியலோட ரெண்டாம் நம்பர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பொண்ணு. நாங்க ரெண்டு பேரும் பேரே கேட்டுக்கல. அவ என்னை 'ஒண்ணு'ன்னா, நான் அவளை 'ரெண்டு'ன்னேன். எனக்குக் காய்ச்சல் வரணும்னு அவ மனசுக்குள்ள வேண்டிக்கிட்டிருந்தா. அது அவ முகத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு.

ரூமுக்குள்ள இருந்த கிளார்க் சார், ஒவ்வொருத்தரும் வந்து சேரச் சேர, கதவுல ஒட்டியிருந்த பட்டியல்ல டிக் போட்டுட்டுப் போவார். ஒவ்வொரு டிக்கையும் நான் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தேன். மூணரை மணிக்கு முப்பத்தொம்பது டிக். பதினேழாம் நம்பர் மட்டும் பாக்கி. நாலு மணி வரைக்கும் அவனுக்கு நேரம். நாலுக்கு மேல, அஞ்சுக்குள்ள எனக்கு நேரம். அஞ்சு அடிச்சா பட்டியலே செல்லாது.

இந்தப் படிப்பு மேல எனக்கு எதுக்கு இவ்வளவு வெறின்னு கேப்பீங்க. எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயசுல லீவு நாள்ல என்னையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போவார். மத்த பிள்ளைங்க கட்டடத்தை வெளிய நின்னு பாக்கும், நான் அதோட தொண்டைக்குழியில நின்னு பாத்தவ. மொட்டை மாடி மெஷின் ரூம்லேர்ந்து கீழ் குழி வரைக்கும் ஒரு கட்டடம் எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு வேற எதையும் படிக்க எனக்கு மனசு வரல.

அப்பாவைப் பத்தி இன்னொண்ணும் சொல்லிடறேன். அவர் கையெழுத்து லேசுல விழாது. லிஃப்ட்டுக்குள்ள சோதனை அட்டைன்னு ஒண்ணு தொங்கும், மெக்கானிக் பாத்துட்டு கையெழுத்துப் போடணும். சரியில்லாத லிஃப்ட்டுக்கு எவன் வந்து கெஞ்சினாலும் போட மாட்டார். "நான் போட்டா பொறுப்பு எனக்கு"ன்னுவார். அப்படி மாட்டேன்னு சொல்லி ஒரு கம்பெனி வேலையையே விட்டுட்டு வந்த மனுஷன். என் பிராக்ரஸ் கார்டுல கையெழுத்து வாங்கறதுக்குள்ளயே எனக்கு உயிர் போய்ட்டு வரும்.

அன்னைக்கும் அரை நாள் லீவு போட்டுட்டு டூல் பையோடதான் வந்திருந்தார். காலையில எதிர்ல இருக்கிற பழைய கட்டடத்துக்கு மருத்துவச் சான்றிதழ் காட்டப் போனோம். லிஃப்ட்ல ஏறினதுமே அப்பா காதைத் தீட்டிக்கிட்டார். "கதவு லாக் சரியா விழல. மூணாவது மாடிகிட்ட இழுக்குது பாரு. இறங்கும்போது படியிலயே வந்துடலாம்"ன்னார். சரிப்பான்னேன். மதியத்துக்கு மேல, "இன்னொரு நகல் கேட்டாலும் கேப்பாங்க"ன்னு அசலை என் மடியில வெச்சுட்டு, ஒரு செட் நகலை மட்டும் எடுத்துக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடையில கூட்டமாம், ஆளையே காணோம்.

மணி மூணே முக்கால். படிக்கட்டுப் பக்கத்துலேர்ந்து தடதடன்னு ஒரு சத்தம். ஒரு பொண்ணு ஓடி வர்றா. நெஞ்சோட ஒரு ஃபைல், தோள்ல ஒரு பை, மூஞ்சியெல்லாம் வேர்வை. வந்துட்டாய்யா பதினேழு! அவன்னு நினைச்சது அவளா வந்து நிக்குது!

அவ வராந்தா முனையில நின்னு மூச்சு வாங்கினா. நான் எழுந்து போய் வழியை மறிச்ச மாதிரி நின்னேன். யாரு போகச் சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. காலு தானா போச்சு.

"பதினாலாம் நம்பர் ரூம் எங்கே?"

"எதிர்ல பழைய கட்டடம் இருக்குல்ல, அங்கே. லிஃப்ட்ல மூணாவது மாடி போங்க. இடது பக்கம் கடைசி."

வாய் கூசாம சொன்னேன். முகத்துல சிரிப்பு வேற.

"ரொம்ப நன்றிம்மா!"ன்னுட்டு திரும்பி ஓடினா. அந்த 'ம்மா'வைக் கேட்டப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சேர வந்த பிள்ளை என்னைப் பாத்து ஏன் 'ம்மா' போடப் போகுது?

பெஞ்சுக்குத் திரும்பினா, ரெண்டு என்னை வாயைப் பிளந்து பாத்துக்கிட்டிருக்கா.

"ஏய், இந்த ரூம்தானே பதினாலு?"

"சும்மா கிட."

"அடிப்பாவி!"

"நான் உள்ள போனா நீ ஒண்ணாம் நம்பர் ஆயிடுவ. வாயை மூடிக்கிட்டு வேண்டிக்க."

நாலு அடிச்சுது. கிளார்க் சார் வெளிய வந்து, "பதினேழு! பதினேழு! பதினேழு!"ன்னு மூணு தடவை கூப்பிட்டார். "சரி, காத்திருப்பு ஒண்ணு, உள்ள வாம்மா"ன்னார். அப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அதுக்குக் கீழேயே சின்னதா ஒரு முள்ளும் குத்துச்சு. அதைக் காலால தள்ளி விட்டுட்டு உள்ள போனேன்.

சார் எல்லாக் காகிதத்தையும் பாத்தார். படிவம் நிரப்பினேன். அனுமதிக் கடிதம் டைப் ஆகி என் முன்னாடி வந்துச்சு. என் பேரு! தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு.

"முத்திரை விழுந்தாதான்மா இது கடிதம். இல்லேன்னா வெறும் காகிதம்"ன்னார் சார். "காலையில சேர்ந்தவங்களுக்கு நாளைக்குப் போட்டா கூட ஆகும். உன் பட்டியல் இன்னைக்கு அஞ்சோட முடியுது. பதிவாளர் ஆபீஸ்லேர்ந்து முத்திரையோட ஒரு அம்மா வரணும். புதுசா மாத்தலாகி வந்திருக்காங்க, இன்னைக்குத்தான் முதல் நாள். மூணரைக்கே கிளம்பிட்டேன்னு போன்ல சொன்னாங்க, எங்க போனாங்களோ."

கடிதத்து மேலேர்ந்து கையை எடுத்தேன்.

"எப்படி இருப்பாங்க சார்?"

"பாத்தா படிக்கிற பொண்ணு மாதிரிதான் இருப்பாங்களாம். கையில ஃபைலு, தோள்ல பை."

போச்சுடா. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்.

சார் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியன்னு வந்துச்சு. மணி நாலு இருபத்தஞ்சு. மூணாவது மாடி போய் இல்லேன்னு தெரிஞ்சா அஞ்சு நிமிஷத்துல திரும்பியிருக்கணும். நாப்பது நிமிஷமா வரல. அப்பா காலையில சொன்னது காதுல மணி மாதிரி அடிச்சுது.

அப்பவும் உண்மை வரலைங்க எனக்கு. குறுக்கு வழிதான் வந்துச்சு.

"சார், ஒருவேளை எதிர்க் கட்டடத்துல இருப்பாங்களோ?"

"அங்க எதுக்குப் போகப் போறாங்க?"

"சும்மா மனசுல பட்டுச்சு சார். லிஃப்ட்ல கிஃப்ட்ல மாட்டியிருந்தா..."

"இவதான் சார் அனுப்பினா!" வாசல்லேர்ந்து ரெண்டோட குரல். ஒரு விரல் என்னை நீட்டிக் காட்டுது. "பதினேழுன்னு நினைச்சு வழி மாத்தி அனுப்பினா. லிஃப்ட்ல போங்கன்னு சொன்னா. நான் கண்ணால பாத்தேன்!"

அவளைக் கடிச்சுக் குதறிடலாம்னு திரும்பினேன். அவளுக்குப் பின்னாடி, கையில ஜெராக்ஸ் கட்டோட அப்பா நின்னுக்கிட்டிருந்தார்.

எவ்வளவு நேரமா நின்னார்னு தெரியாது. முகத்தைப் பாத்தா முழுசும் கேட்டுட்டார்னு தெரிஞ்சுது.

"நான் காலையில சொன்னேன்ல, அந்த லிஃப்ட் சரியில்லைன்னு?"

"சொன்னீங்க."

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

மெதுவாப் போற லிஃப்ட்டுன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். நேரம் கழியட்டும்னு. நின்னு போகும்னு நினைக்கல. அப்படியேதான் சொன்னேன். வேற ஒரு பொய்யும் கிடைக்கல.

அப்பா ஜெராக்ஸ் கட்டை மேஜை மேல வெச்சுட்டு டூல் பையைத் தூக்கினார். "மெஷின் ரூம் சாவி எங்க சார் இருக்கும்?"ன்னு கிளார்க்கைக் கேட்டார். மூணு பேரும் ஓடினோம். வேடிக்கை பாக்க ரெண்டாம் நம்பரும் பின்னாடியே ஓடி வந்தா.

லிஃப்ட் ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல தொங்கிக்கிட்டிருந்துச்சு. அபாய மணிக்கு ஒயரே இல்ல. மூணு மணிக்கு மேல அந்தக் கட்டடத்துல ஈ காக்கா கிடையாது. கதவுல காதை வெச்சா உள்ளேர்ந்து, "யாராவது இருக்கீங்களா?"ன்னு தொண்டை கட்டின குரல்.

"அக்கா, பயப்படாதீங்க! எங்க அப்பா லிஃப்ட் மெக்கானிக்!"ன்னு கத்தினேன். யாரு கிட்ட எந்த வாயால சொல்றேன்னு நினைச்சப்ப எனக்கே கூசிச்சு.

அப்பா மேல போய் மெயினை அணைச்சார். பிரேக்கைத் தளர்த்தி, கையால சக்கரத்தைச் சுத்த ஆரம்பிச்சார். நான் மூணாவது மாடிக் கதவு இடுக்குல கண்ணை வெச்சுக்கிட்டு நின்னேன். இது எங்களுக்குப் பழகின வேலை. "இன்னும் ஒரு முழம்! இன்னும் நாலு விரல்! போதும்ப்பா!" நான் கத்தக் கத்த மேலேர்ந்து "சரி"ன்னு மட்டும் குரல் வந்துச்சு. எப்பவும் "சரிம்மா"ன்னு வரும். அன்னைக்கு 'ம்மா' இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அப்பா இறங்கி வந்து முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அந்த அக்கா பையை மடியில கட்டிப்பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்திருந்தாங்க. கண்ணு கலங்கி சிவந்திருந்துச்சு. என்னைப் பாத்தாங்க. தெரிஞ்சுக்கிட்டாங்க.

"நான்தான்க்கா. வேணும்னேதான் அனுப்பினேன். என்னை மன்னிச்சுடுங்க"ன்னு அழுதுட்டேன். அவங்க "மணி என்ன?"ன்னு கிளார்க்கைக் கேட்டாங்க. நாலு அம்பது.

திரும்பி நடக்கும்போது கிளார்க் சார் என் பக்கத்துல வந்தார்.

"பதினேழு மதியமே போன் பண்ணிட்டான்மா, வேற இடத்துல சேர்ந்துட்டேன்னு. நாலு மணிக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி."

ஐயோ! சும்மா பெஞ்சுல உக்காந்திருந்தாலே சீட் என்னுது!

பதினாலாம் நம்பர் ரூமுக்குள்ள நுழையறப்ப, அந்த அக்கா வாசல்ல நின்னு தலையைத் தூக்கி போர்டைப் பாத்தாங்க. அப்புறம் பெஞ்சைப் பாத்தாங்க. அப்புறம் என்னை. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

மேஜையில முத்திரையை எடுத்து வெச்சு, மைப்பெட்டியைத் திறந்து, என் காகிதங்களை ஒவ்வொண்ணா புரட்டினாங்க. ஒரு காகிதத்துல நின்னு சத்தமாப் படிச்சாங்க.

"நடத்தை, மிக நன்று."

ரெண்டாம் நம்பர் வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கினா. கிளார்க் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் தரையைப் பாத்தேன்.

"இதை எழுதின டீச்சர் இன்னைக்கு இங்க இல்ல. சரி, விடுங்க. ஆனா இந்த உறுதிமொழிப் படிவத்துல பெற்றோர் கையெழுத்து இல்லையே?" படிவத்தை அப்பா பக்கம் தள்ளினாங்க. "'என் மகளின் நடத்தைக்கு நானே பொறுப்பு.' படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார். நீங்க போட்டா நானும் போடறேன்."

அப்பா பேனாவை எடுத்தார். படிச்சார். மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சார். மணி நாலு அம்பத்தாறு. பேனா காகிதத்துக்கு மேல அப்படியே நிக்குது. சரியில்லாததுக்கு அவர் போட மாட்டார்னு அந்த ரூம்லயே என்னை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. கெஞ்சணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கெஞ்சல. எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கெஞ்சறது?

நாலு அம்பத்தேழு. அப்பா குனிஞ்சு எழுத ஆரம்பிச்சார். கையெழுத்தை விட நீளமா எழுதினார். எழுதிட்டு படிவத்தைத் திருப்பி வெச்சார். தலைகீழாவே படிச்சேன். அவர் ஒவ்வொரு சோதனை அட்டையிலயும் எழுதற அதே எழுத்து, அதே சாய்வு.

'பழுது கண்டறியப்பட்டது. இயக்கலாம். மூன்று மாதத்தில் மறுசோதனை.' அதுக்குக் கீழ கையெழுத்து, தேதி.

அந்த அக்கா அதைப் படிச்சாங்க. உதடு கொஞ்சம் துடிச்சுது. அப்புறம் முத்திரையை மையில ஒத்தி, மேஜை அதிர ஒரு குத்து. நான் துள்ளிட்டேன்.

அந்த ரெண்டாம் நம்பர் அடுத்த வருஷம் வந்து சேர்ந்துட்டா. எனக்கு ஜூனியர், ஆனா மரியாதைங்கிறது மருந்துக்கும் கிடையாது. போற வர்றவங்க கிட்டயெல்லாம், "இவங்க கிட்ட மட்டும் வழி கேட்டுடாதீங்க"ன்னு சொல்லுவா. ஆனா அது அப்புறம்.

சேர்ந்து மூணு மாசம் முடிஞ்ச அன்னைக்கு மதியம், வரைபடப் பலகை மேல குனிஞ்சிருந்தேன். வாசல்ல யாரோ தொண்டையைச் செருமினாங்க. டூல் பையோட அப்பா நின்னுக்கிட்டிருந்தார். பக்கத்துல முத்திரை அக்கா.

"என்னப்பா இங்க?"

"தேதி போட்டிருந்தேன்ல"ன்னார். அக்கா பக்கம் திரும்பி, என்னைக் காட்டி, "எப்படி ஓடுதும்மா?"ன்னு கேட்டார்.