வள்ளத்தில் எத்தனை பேர்

ஜேக்கப்புக்கும் வீட்டு டிவிக்கும் தகராறு தொடங்கி ஆறேழு மாதம் இருக்கும். சத்தம் போடுவதெல்லாம் ஜேக்கப்தான். டிவி பாவம், போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். படம் மஞ்சளடிக்கிறது, மங்கிக் கிடக்கிறது, அடியில் ஓடுகிற எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று செய்தி முடிகிறவரை அதைத் திட்டித் தீர்ப்பார். அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் படம் பளிச்சென்றுதான் இருக்கும்.

"நல்லாத்தானங்க தெரியுது?" என்பாள்.

"ஒனக்கு எதுதான் நல்லாத் தெரியல? சும்மா கெட."

டிவி மட்டும் என்றில்லை. மாதா கோயிலில் குழல்விளக்கு சரியில்லை. பேப்பர்க்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான். பஸ்ஸில் ஊர்ப்பெயரை முன்னைப் போலப் பெரிதாக எழுதுவதில்லை. புன்னைக்காயலில் உள்ள சாமான் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகக் கெட்டுப்போய்விட்டதாக அவர் முடிவுக்கு வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர் புது டிவிக்கு அடிபோடுகிறார் என்றுதான் இஞ்ஞாசியம்மாள் நினைத்துக்கொண்டாள். சிறு பிள்ளையாக இருந்தால் தரையில் உருண்டு அழுதிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்டெஃபி ஃபோனில் சொன்னாள். "வாங்குறதுதான் வாங்குதீங்க, ஓஎல்இடி டிவியா வாங்குங்கப்பா. கறுப்புன்னா அப்படியே கறுப்பா இருக்கும். துட்டு நான் தாரேன்."

விலை ஒன்றே முக்கால் லட்சம் என்று கேட்டதும் ஜேக்கப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது டிவியா, இல்ல எஞ்சின் வச்ச வள்ளமா?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த டிவியையும் சாதா டிவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டுகிற கடை திருநெல்வேலியில் இருக்கிறது என்று மருமகன் விசாரித்துச் சொன்னார். கண்ணால் பார்த்து, காசுக்குத் தகுமா தகாதா என்று முடிவு கட்டலாம் என்று ஒரு வியாழக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள்.

ஆத்தூர் தாண்டியதும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத்தோட்டங்களும் ஜன்னலில் ஓடின. வாழைக்கு நடுவே ஆறு தலைகாட்டியும் மறைந்தும் கூடவே வந்தது. ஜேக்கப் தன் முதல் டிவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தக் கதை இஞ்ஞாசியம்மாளுக்கு மனப்பாடம். என்றாலும் கேட்டாள், அதில் அவளும் இருந்தாளே.

கல்யாணமான புதிது அது. கொழும்புக்குத் தோணியில் போய்வந்துகொண்டிருந்த ஜேக்கப்பின் மாமா ஒரு கறுப்பு வெள்ளை டிவி கொண்டுவந்து கொடுத்தார். தெருவுக்கே அதுதான் முதல் டிவி. மெட்ராஸ் அந்த டிவிக்கு எட்டாத தூரம். சிலோன் கடலுக்கு அந்தப் பக்கம்தானே, அங்கிருந்து எப்போதாவது தமிழ்ப்படம் போடுவார்கள். மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதன் தலையில் ஆன்டெனாவைக் கட்டி, கிழக்கே பார்த்துத் திருப்பினால் படம் வரும். காற்றடித்தால் போய்விடும். கடற்கரையில் காற்றடிக்காத நாள் எது? அதனால் படம் போடுகிற நாளில் ஜேக்கப் மாடியேறிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

கீழே தெருச்சனம் முழுக்க உட்கார்ந்திருக்கும். இஞ்ஞாசியம்மாள் ஜன்னலோரம் நின்று, கண் டிவியிலும் காது மாடியிலுமாகக் கத்துவாள்.

"தெரியுதா?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"இல்ல, புள்ளி புள்ளியா இருக்கு!"

"இப்ப?"

"வருது... வருது... போயிட்டு! பைய திருப்புங்க... ஆங், வந்துட்டு! அங்கனயே நில்லுங்க!"

அங்கனயே நிற்பார். கதாநாயகிக்குக் கல்யாணம் முடிந்து, வில்லன் உதை வாங்கி, சனமெல்லாம் பாயைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவரை நிற்பார். டிவிக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான் அந்தத் தெருவில் ஒரு படமும் உருப்படியாகப் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்து அவர் சாப்பிட உட்காரும்போது, இஞ்ஞாசியம்மாள் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே முழுப்படத்தையும் சொல்லுவாள். யார் எந்த நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை சொல்லுவாள். கறுப்பு வெள்ளை டிவியில் சேலையின் நிறம் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"அந்தப் படமெல்லாம் இப்பவும் எனக்குக் கலர்லதான் ஞாவகம் இருக்கு," என்றார் ஜேக்கப்.

அவளுக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. அந்த உப்புக்காற்றும், மாடிக்கும் ஜன்னலுக்கும் இடையே ஓடிய அந்தச் சத்தமும் ஒரே ஒரு நாளைக்குத் திரும்பி வந்தால் போதும்போல் இருந்தது. குழாய் இன்னும் மாடியில்தான் நிற்கிறது. கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.

கடையில் குளிர்ச்சி எலும்பில் ஏறியது. சல்மான் ஃபாரிஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளைஞர் அவர்களை ஒரு தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் விளக்கை அணைத்தார். சுவரில் இரண்டு டிவிகள், ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலத்துக்கு.

"அண்ணாச்சி, வலது பக்கம் இருக்கது ஓஎல்இடி. இடது பக்கம் சாதா. ரெண்டுலயும் ஒரே படம்தான் ஓடுது. சாதா டிவிக்குப் பின்னால லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கும், அதனால கறுப்பு சாம்பலாத்தான் தெரியும். இதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா அங்கன வெளிச்சமே கெடையாது. இப்ப பாருங்க."

படம் மாறி இரவுக் கடல் வந்தது. இஞ்ஞாசியம்மாள் தன்னையறியாமல் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். இடது பக்கத்தில் அது வெறும் படம். வலது பக்கத்தில் அமாவாசைக் கடலே வந்து நின்றது. இருட்டென்றால் அப்படி இருட்டு. மேலே நட்சத்திரங்கள், தூரத்தில் ஓர் அரிக்கேன் விளக்கு, விளக்கடியில் ஒரு வள்ளம், அதில் வலை இழுக்கிற ஒருவன். காசு கேட்கிறார்கள் என்றால் சும்மா கேட்கவில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். ஜேக்கப் இரண்டு டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், வியாபாரி ஏமாற்றப் பார்க்கிறான் என்று கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு.

"ரெண்டும் ஒண்ணுதான தம்பி," என்றார். "ரெண்டும் கருப்பட்டிக் காப்பி நெறத்துலதான் இருக்கு. இதுக்கா ஒண்ணே முக்கா லச்சம்?"

"கிட்ட வந்து பாருங்க அண்ணாச்சி."

கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கினார். கழுத்தைச் சாய்த்தார். "காப்பிதான்," என்றார்.

இஞ்ஞாசியம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, அந்த வள்ளத்துல எத்தன பேரு நிக்காங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"வள்ளமா? எங்கன வள்ளம்?"

கரையில் நின்றபடியே, அடிவானத்தில் கடுகளவு தெரிகிற பாயைப் பார்த்து, இன்னார் வள்ளம் வருகிறது என்று சொன்ன மனிதர் அவர். கதவகலத்துக்கு ஒரு டிவி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வள்ளம், அவருக்குத் தெரியவில்லை. கோயில் விளக்கும் பேப்பர் மையும் பஸ் எழுத்தும் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தன. எதுவும் கெட்டுப்போகவில்லை. இத்தனை நாளும் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தவள் டிவியைத்தானே பார்த்தேன், இவரைப் பார்க்கவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சல்மானுக்கும் புரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று இஞ்ஞாசியம்மாள் தலையை அசைத்தாள்.

"காசுக்குத் தகுந்த சாமான் இல்ல தம்பி. தப்பா நெனச்சிக்கிடாதீங்க," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி ஜேக்கப் வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்தார்கள். மகளின் பணத்தை எப்படிக் காப்பாற்றினேன் பார் என்று அவர் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அவள் டீயைத் தொடவில்லை.

"அந்த டிவி நல்லாருக்குங்க," என்றாள். "நம்ம வீட்டு டிவியும் நல்லாத்தான் இருக்கு. ஒங்க கண்ணுலதான் புரை விழுந்திருக்கு. டாக்டர்ட்ட காட்டி ஆபரேஷன் பண்ணணும்."

ஜேக்கப்பின் முகம் சுண்டிப்போனது. "ஆபரேஷனா? எங்கப்பாவுக்கு என்ன ஆச்சின்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ஏதோ ஒரு முகாமில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர். அந்தக் கண்ணில் பிறகு பார்வை வரவேயில்லை. ஜேக்கப் கத்தியைக் குற்றம் சொல்லுவார். கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்தெறிந்துவிட்டு அந்த வாரமே மாமனார் கடலுக்குப் போனதையும், உப்புத்தண்ணீரில் முகம் கழுவியதையும் இஞ்ஞாசியம்மாள் மாமியார் வாயால் கேட்டிருக்கிறாள். செத்துப்போனவரை டீக்கடையில் இழுத்து வாதாட அவளுக்கு மனம் வரவில்லை. வேறு வழியில் போனாள்.

"நீங்க அந்தக் காலத்துல மாடியில நிப்பீங்கள்லா, கீழ படம் வருதுன்னு எத வச்சி நம்புனீங்க?"

"நீ சொன்னத வச்சித்தான்."

"இப்பவும் நாந்தான் சொல்லுதேன். படம் வருது. ஒங்களுக்குத்தான் வரல."

ஜேக்கப் கிளாஸைக் கீழே வைத்தார். "நீ சொன்னதெல்லாம் நெசமோ? மழ பெஞ்சா, படம் வராமலே 'வந்துட்டு வந்துட்டு, எறங்குங்க'ன்னு கத்துவ. நான் எறங்கி வந்து பாத்தா டிவியில புள்ளி புள்ளியா ஓடிக்கிட்டு இருக்கும். இப்பத்தான் போச்சிம்ப. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

இஞ்ஞாசியம்மாள் திகைத்துப்போனாள். இடியும் மின்னலுமாக இருக்கிற நேரத்தில் இரும்புக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற புருஷனை வேறு எப்படித்தான் இறக்குவது? அந்தப் பொய் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிக்கிட்டே ஏன் எறங்குனீங்க?"

"நீ பயந்துபோயிக் கத்துத. கொரல்லயே தெரியும்லா."

ஒரு கண்டக்டர் சேரன்மகாதேவிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே போனார். பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து போனார்.

"இப்பவும் பயந்துபோயித்தாங்க சொல்லுதேன்," என்றாள் இஞ்ஞாசியம்மாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

ஜேக்கப் அவள் பக்கம் திரும்பினார். அவள் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. குரல் நன்றாகவே கேட்டிருக்கும். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

"சரி. எறங்குதேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போணும்?"

ஆபரேஷனுக்கு ஸ்டெஃபி லீவு போட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு கண் முதலில், மற்றது பிறகு என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் கண் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசியம்மாள் அவரைக் கடல் பக்கமே விடவில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். சொட்டு மருந்து ஊற்றும்போதெல்லாம் அவர் பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தைக் கோணினார். ஆனாலும் சொன்னபடி கேட்டார்.

டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, பழைய டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செய்தி முடிகிறவரை ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியில் இருந்தவளுக்குப் பயமாகிவிட்டது. எட்டிப் பார்த்தாள், இந்தத் தடவை டிவியை அல்ல, அவரை.

"ஏளா," என்றார். "இத எப்ப ரிப்பேர் பாத்த?"

நிஜமாகத்தான் கேட்கிறாரோ என்று ஒரு நிமிஷம் முழித்தாள். அவர் மீசை துடிப்பதைப் பார்த்ததும், அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் காட்டிவிட்டுத் திரும்புகிற அன்றைக்கு, அந்த டிவிக் கடைக்குப் போயே ஆகவேண்டும் என்று ஜேக்கப் ஒற்றைக்காலில் நின்றார்.

"நல்ல சாமானப் போயி நொட்ட சொல்லிட்டேன். அந்தத் தம்பிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துரணும்."

சல்மான் அவர்களை மறந்திருக்கவில்லை. கேட்காமலே தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், விளக்கை அணைத்து, அதே கடலைப் போட்டார். ஜேக்கப் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வலது டிவிக்கு முன்னால் நின்றார். அந்தக் கறுப்பு அவர் முகத்தில் எதையெல்லாமோ கொண்டுவந்தது. இளவயதில் அவரும் தோணியில் போன ராத்திரிகளாக இருக்கும். மூச்சை இழுத்து விட்டார்.

"ரெண்டு பேரு," என்றார்.

"என்னது?"

"அன்னைக்கிக் கேட்டல்லா, வள்ளத்துல எத்தன பேருன்னு. ரெண்டு பேரு."

"ஒருத்தன்தானங்க. அந்தா, வல இழுக்கானே."

"முன்னால அணியத்துல பாரு. ஒருத்தன் குனிஞ்சி ஒக்காந்திருக்கான்."

இஞ்ஞாசியம்மாள் கிட்டப் போய்ப் பார்த்தாள். இருட்டோடு இருட்டாக ஒரு முதுகு. ஆமாம், இருந்தான். சல்மானும் குனிந்து பார்த்துவிட்டு, "தெனம் ஓட்டுதேன், நானே இவன இன்னைக்கித்தான் பாக்கேன்," என்றார்.

"காசுக்குத் தகும் தம்பி," என்றார் ஜேக்கப். "அன்னைக்கிச் சொன்னத மனசுல வச்சிக்கிடாதீங்க. வாங்கத்தான் போறதில்ல. எங்க வீட்டு டிவியே இப்ப நல்லா ஓடுது."

சல்மான் சிரித்துவிட்டார். விடைபெறலாம் என்று இஞ்ஞாசியம்மாள் திரும்பினாள்.

"போவாத," என்றார் ஜேக்கப். "அங்கனயே நில்லு."

நின்றாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். வாடைக்காற்று அடிக்கிறது, விளக்குச் சுடர் சாய்வதைப் பார்த்தால் தெரிகிறது. வலை கனக்கிறது, நல்ல மீன்பாடுதான். இழுக்கிறவன் அண்ணன், குனிந்திருக்கிறவன் தம்பியாக இருக்கும், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டான். அவள் உம் கொட்டிக்கொண்டு கேட்டாள்.

"தம்பிக்காரன் போட்டிருக்கது பச்ச சட்ட," என்றார்.

அந்த இருட்டில் சட்டையின் நிறம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை.