நைஸும் அப்பாவின் பல்லும்

ஆங்கிலேயன் இந்தத் தீவுக்குச் செய்த ஆகப் பெரிய கேடு, போகும்போது 'நைஸ்' என்ற சொல்லை மறந்து விட்டுவிட்டுப் போனதுதான். இதைப் பல்கலைக்கழகச் சுவர்ச் சஞ்சிகையில் ஒரு முழுப் பக்கத்துக்கு நிறுவியிருக்கிறேன். எவரும் மறுக்கவில்லை. வாசித்த இருவரும் "நைஸ்" என்றார்கள்.

லத்தீனில் அதன் மூலத்துக்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். பழைய பிரெஞ்சில் மடையன். ஆங்கிலத்துக்கு வந்து கூச்சக்காரன், நொட்டை பிடிக்கிறவன், நுணுக்கக்காரன் என்று காலத்துக்கொரு வேலை பார்த்து, கடைசியில் ஒரு வேலையுமில்லாமல் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் வந்து குந்திக்கொண்டது. பிள்ளை பிறந்தாலும் நைஸ், கோழிக்கறி வைத்தாலும் நைஸ்.

அக்கா சுபாஜினியின் கலியாணத்தன்று காலை, அலங்காரம் முடித்து வந்து நின்றாள்.

"எப்பிடியடா, நைஸா இருக்கோ?"

"லத்தீன்படி ஓம்."

"உன்னட்டைக் கேட்டன் பார், என்னைச் சொல்லவேணும்."

அப்பா மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியவர். படகுக் கயிறு அறுந்து அடித்து முன்பற்கள் போனதிலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் கதைப்பார். ஏலத்தையும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டார். போன மாதம் நடந்த அக்காவின் விவாகப் பதிவுப் படங்கள் எதிலும் அவர் இல்லை. சோடாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நின்றார். கலியாணத்துக்கு முதல்நாள்தான் புதுப்பல் வந்திருந்தது.

"தம்பி, ஒருக்கா வா." அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கை வாயில். "உன்ரை அக்கா நைஸ் எண்டுறாள். அவள் எல்லாத்துக்கும் உந்தச் சொல்லைத்தான் சொல்லுவாள். நீதான் முகத்துக்கு நேரை சொல்லுறவன். வடிவில்லையெண்டால் சொல்லு, கழட்டி வைச்சிட்டுப் பின்னாலை நிக்கிறன்."

கையை எடுத்துச் சிரித்தார்.

புதிதாக மாபிள் பதித்த குளியலறைக் கதவு திறந்ததுபோல் இருந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. உதடு மூடச் சிரமப்பட்டது. என்னிடம் மூன்று பகிடிகள் வரிசையில் வந்து நின்றன. மூன்றும் நல்ல பகிடிகள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலத்தில் கடைசி விலைக்குக் காத்து நிற்கும்போதும் இப்படித்தான் பார்ப்பார்.

"நைஸா இருக்கப்பா," என்றேன்.

"மெய்யோ?"

"ஓம். நல்ல நைஸ்."

வெளியே படம் பிடிக்கிறவன், "பொம்பிளையின்ரை அப்பா எங்கை?" என்று கத்தினான். அப்பா போய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றார். அவன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் கை பழக்கத்தில் மேலே கிளம்பி, நாடிவரை வந்து நின்றது. கூட்டத்துக்குள் என்னை ஒருதரம் தேடிப் பார்த்தார். பிறகு அந்தக் கை மீசையைத் தடவிவிட்டு மெல்லக் கீழே இறங்கியது.