வேன்காரர் போட்ட சைக்கிள் பாதை

பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தை மேசையில் விரித்து, அது பறந்துவிடாமல் ஒரு மூலையில் சீனிப் போத்தலையும் மறு மூலையில் ஊறுகாய்ப் போத்தலையும் வைத்து, மிச்ச இரண்டு மூலைகளையும் முழங்கைகளால் அமத்திக்கொண்டு ஸலாஹுதீன் சைக்கிள் பயணத்துக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம். புத்தளத்துக் கடலோர மாம்புரியில், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று கேட்டுக் கேள்வியில்லாமல் வீட்டுக்குள் வந்து ஜன்னல் சீலையையும் பிள்ளையின் கொப்பிகளையும் புரட்டிவிட்டுப் போகிற காலம். போத்தல் வைக்கத் தெரிந்த மனிதருக்கு அந்தப் போத்தல் ஏன் தேவைப்பட்டது என்று யோசிக்கத் தெரியவில்லை. குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி சுல்பாவுக்கு அந்தப் பாதையில் உள்ள பிழை முதல் நாளே தெரிந்துவிட்டது. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தாள்.

ஸலாஹுதீன் இருபது வருடமாக மரக்கறி வேன் ஓட்டுகிறவர். பின்னேரம் கத்தரிக்காயும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போனால் மறுநாள் காலை வீடு வந்து சேருவார். அவருடைய கூட்டாளி அஸ்மினுக்குச் சீனி வருத்தம் என்று டாக்டர் சொன்னதில் தொடங்கியது இந்தக் கூத்து. சைக்கிள் ஓடுங்கள் என்றாராம் டாக்டர். தனியே ஓட வெட்கப்பட்டு அஸ்மின், ஸலாஹுதீனையும் இன்னொரு கூட்டாளி நுஸ்கியையும் இழுத்துக்கொண்டார். நாலு மாதமாக, வேன் ஓட்டம் இல்லாத நாட்களில், மூவரும் ஸுபஹ் தொழுதுவிட்டு நுரைச்சோலை வரை ஓடி, அங்கே ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். இதில் யாருக்குச் சீனி குறைந்தது என்று தெரியாது, ஆசை மட்டும் கூடிவிட்டது. இப்போது சிலாவத்துறை வரை போவது என்று தீர்மானம். போக மூன்று நாள், வர மூன்று நாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒழுங்காக வேலை செய்கிற முழங்கால் நாலு இருந்தால் பெரிய விஷயம்.

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லுப் பக்கமாக நேரே வடக்கே போனால் தூரம் பாதிதான். ஆனால் நடுவில் காடு. யானைக்கு மணியடித்து வழி கேட்க முடியாது என்பதால் அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று சுற்றிப் போகிற பாதையை ஸலாஹுதீன் பச்சைப் பேனையால் வரைந்திருந்தார். எந்தப் பள்ளிவாசலில் வுழூச் செய்யத் தண்ணீர் தாராளமாக வரும், எந்தக் கடையில் பிளேன்டீ வாயில் வைக்கலாம், எந்த வளைவில் பொலிஸ் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவ்வளவையும் குட்டிக் குட்டி எழுத்தில் குறித்திருந்தார். சுல்பா ஒவ்வொரு நாளும் மேசை துடைக்கிற சாட்டில் அதை வாசித்தாள். வாசித்து வாசித்து அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

பாதை முடிகிற இடத்தில் ஒரு வீடு வரைந்து 'நுஸ்கிட மச்சான் வீடு, படுக்கலாம்' என்று எழுதியிருந்தது. சிலாவத்துறை சுல்பா பிறந்த ஊர். அந்த ஊருக்குப் போகிறவருக்கு நுஸ்கியின் மச்சானின் நினைவுதான் வந்தது.

"உங்கட ஊர்ல இருந்து உனக்கு என்ன கொண்டு வாற?" என்று அன்றைக்குத்தான் கேட்டார். ஆசையாகத்தான் கேட்டார், அதிலொன்றும் பொய்யில்லை.

"ஒண்டும் வேணாம். போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள் சுல்பா. வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியதில் அந்த ஊரைவிட்டு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. பிறகு மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்றும் சாவுக்கு, மையத்து வீட்டுக்கு. மூன்று தடவையும் வேனின் பின் சீட்டில், மடியில் பிள்ளை, கையில் பிள்ளை சத்தியெடுத்த பை. ஊர் நெருங்கியபோது தெருவைப் பார்த்தாளா பையைப் பார்த்தாளா என்று கேட்டால் பையைத்தான் சொல்வாள். அந்த ஊரில் போய் இருக்க வேண்டும் என்றும் அவளுக்கில்லை. அவளுடைய மிளகாய்க் கன்றும் பிள்ளையும் சண்டையும் சமாதானமும் எல்லாம் மாம்புரியில்தான். ஆனால் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் கால் துறுதுறுத்தது. அகதி முகாமில் கூடப் பிறந்த மூத்த நானாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டுக் கோணலாக மிதித்துப் பழகியவள் அவள். பதின்மூன்று வயதில் உம்மா சைக்கிளைப் பிடுங்கி நானாவிடம் கொடுத்தாள். அதோடு சரி. இந்த விஷயம் ஸலாஹுதீனுக்குத் தெரியாது. கல்யாணப் பேச்சில் பெண்ணுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அது தெரியாத மனிதர் அவளை எப்படிக் கூப்பிடுவார்? நியாயம் அவளுக்கும் விளங்கியது. இருந்தாலும் ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடவில்லையே என்றிருந்தது. கடைசியில் வேறொன்றைக் கேட்டாள்.

"போறதுக்கும் வாறதுக்கும் ஒரே மணித்தியாலம் போட்டிருக்கீங்களே?"

"ஒரே ரோட்டுதானே புள்ள."

"காத்து?"

"காத்து என்ன செய்யும்? நாங்க என்ன பட்டமா?" என்று சிரித்தார் ஸலாஹுதீன். இருபது வருடம் வேன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஓடியவர். விடியலில் கச்சானும் தூங்குகிற நேரத்தில்தான் அவருடைய சைக்கிள் ஓட்டமும். எட்டு மணிக்குப் பிறகு அது எழும்பி என்ன செய்யும் என்று தோட்டத்தில் நிற்கிறவளைத்தான் கேட்க வேண்டும். சுல்பா கொல்லைக்குப் போய், மிளகாய்க் கன்றுகளுக்கு மேற்குப் பக்கமாகக் கட்டியிருந்த தென்னங்கிடுகு மறைப்பில் அவிழ்ந்து போயிருந்த ஒன்றை இழுத்துக் கட்டினாள். மறைப்பு விழுந்த இடத்தில் கன்றுகள் படுத்துக் கிடந்தன.

மறுநாள் காலை ஸலாஹுதீன் தம்புள்ளையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மகள் ஆதிலா பள்ளிக்கூடம் போய்விட்டாள். விறாந்தையில் அவருடைய கியர் சைக்கிள் நின்றது. சுல்பா அதைத் துடைக்கத்தான் போனாள். துடைத்து முடிந்ததும் மகளின் காற்சட்டையைப் போட்டு, மேலே கால்வரை நீண்ட ஹபாயாவைப் போட்டு, ஒழுங்கை முனைக்குப் போய்த் திரும்புவோம் என்று ஏறினாள். ஒழுங்கை முனையில் கால் திரும்ப மறுத்தது. சைக்கிள் ஓடியது அவளா காற்றா என்று தெரியவில்லை. முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் கச்சான் தள்ளிக்கொண்டே வந்தது. காற்றாடிக் கோபுரங்கள், தென்னந்தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள் எல்லாம் விலகி விலகிப் போயின. இருபத்தெட்டு வருடம் கழித்து மறுபடி சைக்கிளில் ஏறியவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே வந்த முச்சக்கரவண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

தலவில சந்தியில் தேவாலயத் திருநாளுக்கு வந்த சனம். அங்கே செவ்விளநீர் விற்ற ஒரு பெண் சீவிக் கொடுத்தபடி அவளையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கயிருந்து வாறீங்க அக்கா?"

"மாம்புரி."

"இந்தக் கச்சானுக்குள்ளயா? திரும்பி எப்பிடிப் போவீங்க?"

சுல்பா இளநீரை வாயிலிருந்து எடுத்தாள். நேற்று அவள் புருஷனுக்குச் சொன்ன பாடத்தை இன்றைக்கு யாரோ அவளுக்குச் சொல்கிறார்கள்.

திரும்பிய உடனே காற்று முகத்தில் அறைந்தது. ஹபாயா பாய்மரமாக விரிந்து பின்னால் இழுத்தது. அதைச் சுருட்டிச் செருகினாலும் நழுவி வந்து சங்கிலியில் கடிபட்டது. கியரை மாற்றிப் பார்த்தாள், எழும்பி நின்று மிதித்தாள். இரண்டு கிலோமீற்றர் வருவதற்குள் இறங்கி உருட்டத் தொடங்கினாள். போனும் வீட்டில். இப்போது அவர் வந்திருப்பார், தேடுவார். வாயில் மணலும் கண்ணில் தண்ணீருமாக நடந்தாள். காற்றுக்கு வந்த தண்ணீர் என்று தனக்கே பொய் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. நீயும் வாறியா என்று அவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம். இல்லை என்றுகூட அவள் சொல்லியிருப்பாள். கல்யாணம் முடித்த பத்தொன்பது வருடத்தில் நானும் வாறேன் என்று அவளும்தான் சொல்லவில்லை. அதை நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறி மிதித்தாள்.

நூறு மீற்றர்கூடப் போயிருக்க மாட்டாள், எதிரே அவர்களுடைய வெள்ளை வேன் வந்தது. தாண்டிப் போய், பிரேக் அடித்து நின்றது. ஸலாஹுதீன் இறங்கி வந்தார். ஹபாயா ஓரத்தில் இருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்ப பழகின?"

"முகாம்ல. சின்னதுல."

"ஒரு நாளும் சொல்லல்லயே."

"நீங்க கேக்கவும் இல்லயே."

ஸலாஹுதீன் போய் வேனின் பின்கதவைத் திறந்து, வெற்றுக் கூடைகளை ஒதுக்கி சைக்கிளுக்கு இடம் பண்ணினார்.

"வேணாம்" என்றாள் சுல்பா. "நான் ஓடியே வாறேன்."

"இந்தக் காத்துலயா?" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காற்று அவருடைய தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனது. தெருவுக்குக் குறுக்காக ஓடி, வேலியில் தொங்கிய தொப்பியை எடுத்து வந்தவர் அதைத் தலையில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின்கதவைச் சாத்திவிட்டு ஏறி, வேனைத் திருப்பி அவளைக் கடந்து போனார்.

போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் வேன் தூரம் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு அடி முன்னால், அவள் மிதிக்கிற வேகத்துக்கு ஊர்ந்தது. திடீரென்று முகத்தில் காற்று இல்லை. ஹபாயா அடங்கி விழுந்தது. வேனின் முதுகு முழுதாக மறைத்துக்கொண்டு நிற்க, கத்தரிக்காய் வாசனைதான் வந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது, ஸலாஹுதீன் அசையவில்லை. அவள் களைத்து மெதுவானால் வேனும் மெதுவானது. இரண்டு பக்கமும் தென்னைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருக்க, அந்தச் சின்ன நிழலுக்குள் மட்டும் அமைதியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவருடைய வலது கை நீண்டிருந்தது. முந்திப் போ என்றும் இல்லை, நில் என்றும் இல்லை. ஐந்து விரலையும் விரித்துக் காற்றுக்கு எதிராகப் பிடித்தபடி வீடு வரும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது.