சொல்லிக் கொடுத்தால் ஏறாதவன்

1
என்னை நம்பி ஒருவன் சொன்னதை அவனைக் கேட்காமலே எழுதுகிறேன். நான் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் பொறுக்குகிறவன். ஒரு மனிதனை ஒரே வரியில் எழுதி முடிப்பது எங்கள் பிழைப்பு.

முதல் தொடக்கம்: "டெவான் ப்ரூயிட்டின் விரித்த கை ஒன்பதே கால் அங்குல"
(அடித்துவிட்டேன். எல்லோரும் அளந்தாயிற்று, நீங்களாவது அளக்க வேண்டாம்.)

2
ப்ரூயிட் குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன். கல்லூரியில் பக்கவாட்டில் எறிவான். பந்து போய்ச் சேர்ந்துவிடும். வேறோர் அணி அவனை ஆள் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்தது. எடுத்த கையோடு முழங்கையை உயர்த்தச் சொன்னது. அங்கே பயிற்சியாளர் ஹால் கெர்ச்னர் மூன்று வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். பந்து தரையைத் தேடத் தொடங்கியது.

ஆகஸ்ட் கடைசி, அணியில் வேண்டாத ஆளைக் கழிக்கும் நாள். ப்ரூயிட்டையும் கழித்துவிட்டார்கள். ஆட்டக் குறிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ப்ரூயிட் ஒன்று கேட்டான்.

"கோச், காலேஜ்ல எறிஞ்ச மாதிரி ஒரு தடவ எறிஞ்சு காட்டட்டுமா?"

"மேல முடிவு பண்ணிட்டாங்கப்பா."

"அவங்களுக்கு இல்ல. உங்களுக்கு."

பத்துப் பந்து எறிந்தான். பத்துக்கும் முழங்கை ஹால் சொல்லிக்கொடுத்த உயரத்துக்கே போனது.

"பழசு வர மாட்டேங்குது கோச்."

ஹால் அழுதார் என்று எழுதியிருந்தேன். பந்துகளைப் பொறுக்கினார் என்று மாற்றிவிட்டேன். ப்ரூயிட் பார்த்தது அதை மட்டும்தான்.

3
அன்று மத்தியானம் அவனை எங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று விசாரிக்க ஹாலுக்குப் போன் செய்தேன்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: "கையக் கெடுத்தது நாங்கதான், ஒரு வருஷம் விட்டா சரியாயிடும்" என்கிறார். ப்ரூயிட்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஹாலுக்கு வேலை போகிறது. (எழுதும்போதே கை கூசியது.)

நடந்தது: ஹால், "நல்ல பையன்தான். சொல்லிக் குடுத்தா ஏறாது" என்றார். அவன் முழங்கை வருடா வருடம் உயர்ந்ததை ஆட்டங்களில் பார்த்தவன் நான்; அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் படிவத்தில் 'கற்பிக்க இயலாதவர்' என்று எழுதினேன். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வரி ஊர் சுற்ற ஒரு நாள் போதும். அப்புறம் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை.*

* சொல்லிக்கொடுத்ததை அவனைப்போல் கற்றுக்கொண்டவனை நான் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

4
போன மாதம் டொலீடோ நகரில் கார் டயர் மாற்றப் போனேன். மாற்ற வந்தவன் ப்ரூயிட். அன்று ஹாலிடம் விசாரித்தவன் நான்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் நடந்ததையெல்லாம் அவனாகவே சொன்னான். பிறகு கேட்டான்:

"ஹால் கோச் என்னப் பத்தி உங்ககிட்ட நல்லபடியாத்தானே சார் சொல்லியிருப்பாரு? எனக்காக நின்னது அவரு ஒருத்தருதான்."

"அவரு உன்னப் பத்தி"
[இதற்கு மேல் ஓடவில்லை.]

உண்மையைச் சொன்னால் அவனுக்கு மிச்சமிருக்கும் அந்த ஒரே ஆளும் போய்விடுவார். பொய் சொன்னால் தப்பெல்லாம் தன் கையில்தான் என்று நம்பியே காலத்தை ஓட்டுவான். இந்தத் தாளில் அவன் இன்னும் டயரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீங்கள் சொல்லுங்கள், நான் என்ன சொல்லட்டும்?